சிறுதானியத்துக்கு மாறியும் எடை ஏன் இறங்கல?

“அண்ணாச்சி, ஆறு மாசமா நெல்லுச் சோத்தத் தொடல. காலையில கம்பங்கூழ், மத்தியானம் குதிரைவாலிச் சோறு, ராத்திரி கேப்பை தோசை. ஆனா எடை அரைக் கிலோகூட எறங்கலையே, என்ன காரணம்?”

எங்கள் பகுதி இயற்கை உழவர்கள் கூடிப் பேசியபோது ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. அவருக்கு வயது 58. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. எட்டுக் கிலோ குறைத்தால் மாத்திரை இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆக, அவருக்கு இது அழகு பார்க்கிற விஷயம் இல்லை. நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. “சிறுதானியம் சாப்பிட்டா உடம்பு இளைக்கும், சர்க்கரை ஓடிப்போகும்” என்று சொல்லித்தான் நம்மில் பலர் பொட்டலம் போட்டு விற்கிறோம். வாங்கிச் சாப்பிட்டவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவர் நம்மிடம் திரும்ப வர மாட்டார்.

நான் டாக்டர் இல்லை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, ஆலங்குளத்தில் மானாவாரிக் கரிசலில் வெள்ளாமை பார்க்கிறவன். எனக்குத் தெரிந்தது வரவு செலவுக் கணக்கு. நண்பரின் கேள்விக்குப் பதிலும் பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கிறது.

கையிருப்பும் டெபாசிட்டும்

அரிசி, கம்பு, கோதுமை, கிழங்கு எதுவாக இருந்தாலும் அதில் பெரும்பங்கு மாவுச்சத்து. குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகளைச் சங்கிலியாகக் கோத்ததுதான் மாவுச்சத்து. வயிற்றுக்குள் போனதும் சங்கிலி அறுந்து, குளுக்கோஸ் ரத்தத்தில் கலக்கிறது. அன்றாட வேலைக்கு உடம்பு அதைச் செலவழிக்கிறது.

மீதி என்ன ஆகிறது? கொஞ்சத்தை கல்லீரலும் தசைகளும் ‘கிளைக்கோஜன்’ என்ற வடிவில் வைத்துக்கொள்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். இதை அன்றாடம் போட்டு எடுக்கிற சேமிப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிரம்பியபிறகும் வரவு வந்துகொண்டே இருந்தால், மிச்சமெல்லாம் கொழுப்பாக மாறி டெபாசிட்டுக்குப் போகிறது. அந்த டெபாசிட் ரசீதைத்தான் நாம் இடுப்பில் சுமந்துகொண்டு திரிகிறோம்.

இன்சுலின் என்பது வரவு வாங்குகிற காசாளர். சாப்பிட்டதும் அவர் கவுண்டரில் உட்காருவார், வந்த பணத்தைக் கணக்கில் போடுவார். அவர் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் டெபாசிட்டை உடைக்கிற வேலை மந்தமாகத்தான் நடக்கும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருந்தால் காசாளர் எழுந்திருக்கவே மாட்டார்.

இன்னும் மூன்று எண்களை மனதில் வையுங்கள். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்று விழ வேண்டும்.

சோற்றை அடியோடு நிறுத்துகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ குறைவது எப்படி என்றும் இதில் விளங்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னுடன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் தீரும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறுகிறது. அது தண்ணீர் எடை. மறுபடி சோறு சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். ஆகவே முதல் வாரத் தராசை நம்பி ஆடவும் வேண்டாம், அடுத்த வாரத் தராசைப் பார்த்து அழவும் வேண்டாம்.

பேரை மாற்றினால் கணக்கு மாறாது

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதில் 100 கிராமுக்கு உள்ள கணக்கைப் பாருங்கள்:

பட்டை தீட்டிய பச்சரிசி: 356 கலோரி, நார்ச்சத்து 2.8 கிராம்
கம்பு: 348 கலோரி, நார்ச்சத்து 11.5 கிராம்
சாமை: 346 கலோரி, நார்ச்சத்து 7.7 கிராம்
சோளம்: 334 கலோரி, நார்ச்சத்து 10.2 கிராம்
வரகு: 332 கலோரி, நார்ச்சத்து 6.4 கிராம்
கேப்பை: 321 கலோரி, நார்ச்சத்து 11.2 கிராம்

கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அரிசிக்கும் கம்புக்கும் இடையே வெறும் எட்டுக் கலோரி. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி போன்ற நம் மரபு நெல்லுக்கும் இதே நியாயம்தான். சத்து கூடுதல், ருசி கூடுதல். ஆனால் கலோரி ஏறக்குறைய அரிசியின் கலோரிதான்.

இப்போது நண்பரின் கணக்குக்கு வருவோம். காலையில் இரண்டு செம்பு கூழ், அதில் 120 கிராம் கம்பு மாவு. மத்தியானம் 200 கிராம் குதிரைவாலி. ராத்திரி ஐந்தாறு தோசைக்கு 150 கிராம் மாவு. ஆக மொத்தம் 470 கிராம் தானியம். தானியத்தில் மட்டும் ஏறக்குறைய 1,600 கலோரி. இதற்கு மேல் எண்ணெய், கடலைச் சட்னி, மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி, சாயங்காலம் ‘சிறுதானிய முறுக்கு’. நெல்லுச் சோறு தின்ற காலத்தில் என்ன வரவு இருந்ததோ, அதே வரவுதான் இப்போதும். பாஸ்புக்கின் அட்டை மட்டும் மாறியிருக்கிறது.

இது அவர் ஒருவரின் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025 செப்டம்பரில் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது அது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொள்வதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. கலோரியில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பயறு வகைப் புரதமோ பால் தயிர்ப் புரதமோ வந்தால் அபாயம் குறைகிறது.

சிறுதானியம் பயிரிடுகிற நமக்கு இது கசப்பாக இருக்கலாம். ஆனால் நான் இதை நல்ல செய்தியாகத்தான் பார்க்கிறேன். கம்பும் குதிரைவாலியும் தனியாக நின்று வேலை செய்யாது. பயறோடும் வெஞ்சனத்தோடும் அளவோடு நிற்கும்போதுதான் வேலை செய்யும் என்பதே அதன் பொருள். நம் கரிசலில் தானியத்துக்கு ஊடே பயறு விதைத்தவர்களுக்கு இது புதுப் பாடம் இல்லை.

அப்படியென்றால் சிறுதானியத்தால் என்ன லாபம்?

லாபம் நார்ச்சத்தில் இருக்கிறது. மேலே உள்ள பட்டியலில் அரிசிக்கும் கம்புக்கும் நார்ச்சத்தில் நாலு மடங்கு வித்தியாசம். நார் உள்ள சோற்றை மென்றுதான் விழுங்க முடியும். மெல்ல நேரம் ஆகும், வயிறு சீக்கிரம் நிறையும், மறு பசி தாமதமாக வரும். அதனால் அளவைக் குறைப்பது எளிதாகிறது. எடை குறைவது அளவினால். அந்த அளவைத் தாங்கிக்கொள்ள உதவுவது தானியம்.

இரண்டாவது, மாவுச்சத்துச் சங்கிலி எவ்வளவு வேகமாக அறுகிறது என்பது. கனடாவின் டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் 1981-இல் இதற்கு ஒரு அளவுகோல் வகுத்தார்கள். குளுக்கோஸை 100 என்று வைத்து, ஒவ்வொரு உணவும் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்ப்பது. 55-க்குள் இருந்தால் மெதுவானது, 70-க்கு மேல் போனால் வேகமானது.

இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. ஒரே தானியம், அதன் உருவத்தைப் பொறுத்து வேகம் மாறும். முழு மணியாகவோ பெருவெட்டுக் குருணையாகவோ இருந்தால் மெதுவாகச் செரிக்கும். நைசாக அரைத்த மாவு வேகமாகச் செரிக்கும். மாவைக் குழைய வேகவைத்துக் கூழாகக் கரைத்தால் இன்னும் வேகம். மெல்லவே வேண்டியதில்லை, மடமடவென்று குடித்துவிட்டுப் போகலாம்.

நம் பாட்டிகள் கம்பை உரலில் இடித்து, குருணையைச் சோறாகக் காய்ச்சினார்கள். கம்மஞ்சோற்று உருண்டையை மென்று தின்றுவிட்டுப் புஞ்சைக்குப் போனார்கள். இன்று நாம் மில்லில் பவுடராக அரைத்த மாவைக் கூழாக்கிக் குடித்துவிட்டு டிராக்டரில் ஏறி உட்காருகிறோம். தானியம் அதேதான். உருவமும் மாறிவிட்டது, உழைப்பும் மாறிவிட்டது.

பழைய சோறு பற்றியும் கேட்பார்கள். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு சுலபமாகச் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கு உணவாகும். ஆனால் அது சிறு பங்குதான். பழையது என்பதற்காக இரண்டு கும்பா குடித்தால் கணக்கு கணக்குதான்.

சோற்றை விட முடியாது என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, எடை கூடிய ஆட்களிடம் வெள்ளை அரிசியையும் தவிடு நீக்காத அரிசியையும் கொடுத்துப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தவிட்டரிசி சாப்பிட்ட நாட்களில் 24 மணி நேர ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. தவிட்டரிசியோடு பயறும் சேர்ந்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆக அரிசி சாப்பிடுகிறவர்களுக்கும் விடை தவிட்டிலும் பயறிலும்தான் இருக்கிறது.

உமி வேறு, தவிடு வேறு

இது உழவர்களும் அரவை செய்கிறவர்களும் கவனிக்க வேண்டிய இடம்.

கம்பு, சோளம், கேப்பை மூன்றும் உமி இல்லாத மணிகள். களத்தில் அடித்துத் தூற்றினால் அப்படியே சமைக்கலாம். குதிரைவாலி, வரகு, சாமை, தினை, பனிவரகு இவற்றுக்கு மேலே கெட்டியான உமி உண்டு. உமியைத் தின்ன முடியாது, நீக்கித்தான் ஆக வேண்டும். உமிக்கு அடியில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோல்தான் தவிடு. நாரும், நல்ல எண்ணெயும், தாது உப்புகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. உமியோடு சேர்த்துத் தவிட்டையும் உரித்து வெள்ளை வெளேர் என்று ஆக்கிவிட்டால், பொட்டலத்தில் குதிரைவாலி என்று பேர் இருக்கும், உள்ளே இருப்பது குட்டி வெள்ளை அரிசி.

கடையில் கிடைக்கும் சிறுதானிய அரிசியில் பெரும்பகுதி இப்படித் தீட்டியதுதான். ஏன் தீட்டுகிறார்கள்? பார்வைக்கு நன்றாக இருக்கிறது, சீக்கிரம் வேகிறது, எல்லாவற்றையும் விட, நாள்பட இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். கம்பு மாவு ஒன்றிரண்டு வாரத்திலேயே கசக்கத் தொடங்குவதும் இதனால்தான்.

தீர்வு நம் முன்னோர் குலுக்கையில் வைத்திருந்த தீர்வுதான். தானியத்தை உமியோடு காய வைத்துச் சேமியுங்கள். வீட்டுக்குத் தேவையானதைப் பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை உமி நீக்கிக்கொள்ளுங்கள். விற்கிறவர்கள் அரைத்த தேதியைப் போட்டுச் சிறு சிறு அளவில் கொடுங்கள். தவிட்டை விட்டுவைத்தால் அரிசி எடையும் கூடுதலாக நிற்கும்; மாட்டுக்குப் போகிற தவிட்டுக்கும் அரிசி விலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு அடையாளம்: தீட்டாத குதிரைவாலி பழுப்பேறிய மங்கல் நிறத்தில் இருக்கும். கழுவும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். வேக நேரம் எடுக்கும், முதலில் ஊறவைக்க வேண்டும். மல்லிகைப் பூப்போல வெள்ளையாக இருந்தால் தீட்டிய அரிசி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுத் தணிக்கை

வங்கியில் வருடா வருடம் தணிக்கை வரும். வீட்டுக்கு ஒரு மாதம் செய்து பாருங்கள். ஒரு நோட்டு எடுத்து, மாதத்தில் தீருகிற அரிசி, இட்லி அரிசி, கோதுமை, ரவை, மைதா, சேமியா, சிறுதானியம் எல்லாவற்றையும் கிலோவில் கூட்டுங்கள். ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். பிறகு 30-ஆல் வகுங்கள்.

உதாரணத்துக்கு, நாலு பெரியவர்கள் இருக்கும் வீடு. ரேஷன் அரிசி 20 கிலோ, கடையில் வாங்கியது 20 கிலோ, கோதுமை, ரவை, மைதா எல்லாம் சேர்த்து 5 கிலோ. மொத்தம் 45 கிலோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 375 கிராம். இதில் கடையில் தின்ற பரோட்டாவும் காராச்சேவும் சேரவில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுகிற ஆளுக்கு என்ன சொல்கிறது? தானியம் 250 கிராம். பயறு அல்லது முட்டை, மீன், கறி 85 கிராம். காய், கீரை எல்லாமாக 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. கடலை, எள் போன்றவை 35 கிராம். எண்ணெய் 27 கிராம். தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

நம் உதாரண வீட்டில் ஆளுக்கு 125 கிராம் தானியம் அதிகம், அதாவது ஏறக்குறைய 435 கலோரி. அதை எடுத்துவிட்டு 50 கிராம் காணம் அல்லது மொச்சை சேர்த்தால் சுமார் 165 கலோரி உள்ளே வரும். நிகரமாக 270 கலோரி மிச்சம். ஒரு மாதத்துக்கு 8,100. ஒரு கிலோ கொழுப்புக்கான பற்று 7,700 என்று பார்த்தோம். ஆக பட்டினி இல்லாமல், பொடி வாங்காமல், மாதம் ஒரு கிலோ. உடம்பு இப்படி நேர்கோட்டில் போகாது, ஒரு மாதம் நிற்கும், ஒரு மாதம் இறங்கும். ஆனால் திசை இதுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த அளவு எல்லோருக்கும் பொருந்தாது. நாளெல்லாம் மண்வெட்டி பிடிக்கிறவருக்கும், கதிர் அறுக்கிறவருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கும் கூடுதலாக வேண்டும். எங்கள் பக்கம் விடியுமுன் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போய் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிற பெண்கள் அதிகம். களையெடுத்த காலத்துத் தூக்குவாளிச் சோறு, உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தேவையில்லை. உழைப்பு மாறியபோது வாளியின் அளவு மாறவில்லை என்பதே நம் ஊர்ப் பிரச்சினை.

தராசு இல்லாதவர்கள் ஒரு இஞ்சு டேப் வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் அளவில் இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கான அளவு.

தட்டில் முதலில் எதை வைப்பது?

வழக்கமாகத் தட்டு நிறையச் சோற்றைக் குவித்து, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் வைப்போம். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். தட்டில் பாதி காய் கீரை, கால் பங்கு பயறு, கால் பங்கு சோறு. முதலில் வெஞ்சனத்தில் கை வையுங்கள், சோறு பிறகு. பசியின் முதல் வேகம் காய்மீது விழட்டும்.

எங்கள் பக்கத்துக்கு ஒத்துவருகிற ஒரு நாள் சாப்பாடு:

காலை: கம்மஞ்சோறு ஒரு உருண்டை, மோர், சின்ன வெங்காயம், கூடவே அவித்த தட்டைப்பயறு ஒரு கிண்ணம். அல்லது கேப்பைக் களி சிறு உருண்டையோடு கீரைக் கடைசல்.

மத்தியானம்: தீட்டாத குதிரைவாலி அல்லது புழுங்கலரிசிச் சோறு ஒரு கிண்ணம், காணத் துவையல் அல்லது மொச்சைக் குழம்பு, இரண்டு வகைக் காய், மோர். மழைக்காலத்தில் வரப்பில் முளைக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் காசில்லாமல் கிடைக்கும்.

சாயங்காலம்: பாசிப்பயறுச் சுண்டல், கையளவு வறுத்த கடலை, சாத்தூர் வெள்ளரிக்காய், தை மாதத்தில் பனங்கிழங்கு. இதில் ஏதாவது ஒன்று.

ராத்திரி: சோளத் தோசை இரண்டு, காய்க்கூட்டு, நாட்டுக்கோழி முட்டை ஒன்று. எட்டு மணிக்குள் முடித்துவிட்டு ஒரு கால் மணி நேரம் நடை. சாப்பிட்டபின் நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நேராக எடுத்துக்கொள்ளும்.

நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிற இடங்கள்

எங்கள் மாவட்டத்துப் பேரைச் சொன்னால் விருதுநகர் பொரிச்ச பரோட்டா, சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று வாயூறும். மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த கூட்டணி. மைதா என்பது கோதுமையின் தவிடும் முளையும் நீங்கிய மாவு. வருசத்துக்கு நாலு தடவை தின்றால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். வாரம் நாலு தடவை என்றால் கணக்கு ஏறும்.

ஆனால் பரோட்டாவைக் குறை சொல்வது சுலபம். நம் பக்கத்துப் பண்டங்களையும் அதே தராசில் வைப்போம். சிறுதானிய லட்டில் பாதி வெல்லம். சிறுதானிய முறுக்கு எண்ணெய் குடித்த மாவு. சிறுதானிய பிஸ்கட், நூடுல்ஸ் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் முதல் சரக்கு மைதாவாக இருக்கும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் இவற்றில் வெள்ளைச் சீனியில் இல்லாத ருசியும் கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. எடைக் கணக்கில் அவையும் சர்க்கரைதான். ஒரு டீக்கு இரண்டு கரண்டி இனிப்பு போட்டால் 40 கலோரி. நாளைக்கு ஐந்து டீ என்றால் 200. சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் டீயில் கை வைத்துப் பாருங்கள், வலி குறைவு.

பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், சாறாக்காதீர்கள். நாரை வடிகட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிப்பதில் இயற்கை ஒன்றும் இல்லை.

மருந்து எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் சோற்றின் அளவைத் திடீரென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். மருந்தின் அளவை டாக்டரிடம் பேசி மாற்றிக்கொண்டு, படிப்படியாகக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, முட்டை, கறியைக் கூட்டும்முன் கட்டாயம் டாக்டரைக் கேளுங்கள். எந்தத் தானியத்தை நம்பியும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தட்டு மாற, புஞ்சையும் மாற வேண்டும்

எங்கள் பகுதியில் இன்று மழை பெய்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2018-இல் படைப்புழு வந்தபிறகு அதற்கும் மருந்துச் செலவு. ஒரு காலத்தில் இதே கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும், ஊடே உளுந்தும் பாசியும் தட்டையும் நின்றன. நம் புஞ்சையில் விளைகிற மாவுச்சத்தைக் கோழி தின்கிறது, நாம் வண்டியேறி வருகிற அரிசியைத் தின்கிறோம்.

ரேஷன் அரிசியை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது விலையில்லாமல் கிடைக்கிறது. மழை பொய்த்த வருசங்களில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் விலையில்லாமல் கிடைப்பது அரிசியாகவும், காசு கொடுத்து வாங்க வேண்டியது பயறாகவும் காயாகவும் இருக்கும்போது, தட்டில் எது குவியும்? இந்த இடத்தில்தான் உழவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. பயறை அவனால் விளைவித்துக்கொள்ள முடியும்.

மக்காச்சோளத்தை முழுக்க விடச் சொல்லவில்லை. கடன் தவணை கட்டுகிற பயிர் அதுவாக இருக்கலாம். அதற்குப் பக்கத்தில் வீட்டுக்கென்று அரை ஏக்கர் ஒதுக்குங்கள். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு அதில் பாதியில் குதிரைவாலி. நூறு நாளுக்குள் கைக்கு வந்துவிடும். மீதியில் கம்பு, ஊடுபயிராகத் தட்டையும் பாசியும். வரப்போரம் துவரையும் ஆமணக்கும். காணம் கடைசி மழைக்கும் கை கொடுக்கும். ஒற்றைப் புஞ்சையில் கம்பு போட்டால் ஊர்க் குருவியெல்லாம் அங்கேதான் விருந்துக்கு வரும். நாலு பேர் சேர்ந்து அடுத்தடுத்த புஞ்சையில் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்காகிவிடும், உமி நீக்குகிற செலவும் பங்காகும்.

கேள்வி கேட்ட நண்பர் இப்போது நோட்டுப் போட்டு எழுதுகிறார். குதிரைவாலியை அவர் விடவில்லை. 470 கிராமை 260-க்குக் கொண்டுவந்திருக்கிறார். கூழைச் சோறாக மாற்றி, காணமும் கீரையும் கூட்டி, காப்பியில் கருப்பட்டியை நிறுத்தியிருக்கிறார். பத்து வாரத்தில் இரண்டரைக் கிலோ இறங்கியிருக்கிறது. இன்னும் ஐந்தரை பாக்கி. இந்த ஐப்பசிக்கு அவர் புஞ்சையில் முதன்முறையாகத் தட்டைப்பயறு விதைக்கப்போகிறார். விதை என்னிடம் இருக்கிறது.